பொட்டலத்தின் மேல் எழுதிய தேதி

பெல்ஜியம் தேசத்தில் எல்ஸெல் என்று ஒரு சிற்றூர் உண்டு. 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி அவ்வூரில் ஒரு முதியவரின் சவ அடக்கம் நடந்தது. அதற்கு வாத்தியம் வாசிக்க வந்திருந்த உள்ளூர் இசைக் குழுவினர் 34 பேர், சடங்குகள் முடிந்தபின் சத்திரத்தில் ஒன்றுகூடி, உப்பிலிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை மாமிசத்தை, அதாவது ஹாம் என்று இன்று உலகம் முழுவதும் வழங்கும் பதார்த்தத்தை, வேகவைக்காமல் அப்படியே அரிந்து உண்டார்கள். உண்டவர்களில் பலருக்குப் பிறகு கண்மணிகள் விரிந்து, ஒரு பொருள் இரண்டாகத் தோன்றத் தொடங்கியது, நா குழறியது, நீரை விழுங்குவதும் இயலாமற்போயிற்று, அவயவங்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 3 பேர் மாண்டார்கள். இன்னும் 10 பேர் சாவின் விளிம்பு வரை சென்று மீண்டார்கள்.

அக்காலத்து வைத்தியர்களில் பலர், மாமிசம் அழுகும்போது இயல்பாகவே உண்டாகும் ஏதோ ஒரு பொதுவான விஷமே இத்தகைய மரணங்களுக்குக் காரணம் என்று நம்பியிருந்தார்கள். கென்ட் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவரும், பெர்லினில் ராபர்ட் கோக்கிடம் கிருமி சாஸ்திரம் பயின்றவருமான எமில் வான் எர்மெங்கெம், அந்த நம்பிக்கையோடு திருப்தியடையாமல், எஞ்சிய ஹாமையும் இறந்தவர் ஒருவரின் மண்ணீரலையும் தம் ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்துப் பரிசோதித்து, பிராணவாயு உள்ள இடத்தில் வளர மாட்டாததும், அது அற்ற இடத்தில் பெருகி மகா கொடிய விஷத்தைக் கக்குவதுமான ஒரு தனிக் கிருமியைப் பிரித்தெடுத்தார். கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்று இன்று நாம் அறிந்திருக்கும் கிருமி அதுவே. 1897-ல் அவர் வெளியிட்ட முடிவுகளில் மூன்று இன்றைக்கும் நமக்கு வேண்டியவை: இந்தக் கிருமி காற்று புகாத இடத்தில் வளருவது, உப்பு போதிய செறிவில் இருந்தால் வளராதது, அது உண்டாக்கும் விஷம் நன்றாகக் கொதிக்கவைத்தால் அழிந்துவிடுவது.

இம்மூன்றையும் மனத்தில் நிறுத்திக்கொண்டு, இன்று அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ ஓர் அங்காடியின் குளிரடுக்கில் கிடக்கும் ஹாம் பொட்டலம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளிருந்த காற்று முழுதும் உறிஞ்சப்பட்டு, பிளாஸ்டிக் உறை மாமிசத் துண்டுகளின் மேல் தோல்போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. உப்பு, நாவுக்கு இதமாக, பழைய நாளில் பீப்பாயில் இட்டதற்கு ஒரு சிறு பங்கே இருக்கிறது. அதை வாங்கிச் செல்பவர், ஆலையிலேயே வெந்ததென்ற நம்பிக்கையில், அடுப்பேற்றாமல் ரொட்டியின் நடுவே வைத்து உண்ணப்போகிறார். காற்றின்மை, உப்புக் குறைவு, சூடேற்றாமை என்று எல்ஸெல் சத்திரத்தில் சேர்ந்திருந்த அத்தனை அம்சங்களும் இங்கே, மனிதன் அறிந்தே செய்த ஏற்பாட்டின்படி, மறுபடியும் சேர்ந்திருக்கின்றன. ஆயினும் நாள்தோறும் கோடிக்கணக்கானோர் இதை உண்டு சுகமாக இருக்கிறார்கள். எதன் காவலில் இருக்கிறார்கள் என்பதை அறிந்தால்தான், பொட்டலத்தின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் தேதிக்கு என்ன அர்த்தம் என்பது விளங்கும்.

முதற்காவல் நைட்ரைட் என்ற உப்பு. உப்பிலிடும்போது சிறிது வெடியுப்பும் சேர்த்தால் மாமிசம் நல்ல செந்நிறம் கொள்ளுகிறது என்பதை ஐரோப்பிய மக்கள் பல நூற்றாண்டுகளாகவே அனுபவத்தில் கண்டிருந்தார்கள். வெடியுப்பு தானாக இந்த வேலையைச் செய்வதில்லை. அதிலுள்ள நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, அதிலிருந்து தோன்றும் நைட்ரிக் ஆக்ஸைடு மாமிசத்தின் செந்நிறப் பொருளைப் பற்றிக்கொள்ளுவதால்தான் நிறம் நிலைக்கிறது என்று விளக்கியவர் பிரிட்டிஷ் உடலியல் விஞ்ஞானி ஜே. எஸ். ஹால்டேன், ஆண்டு 1901. வெந்த மாமிசமெல்லாம் பழுப்பேற, ஹாம் மட்டும் ரோஜா நிறத்தில் இருப்பதன் ரகசியம் இதுவே. நிறத்துக்காகச் சேர்த்த பொருள், பொட்டுலினம் கிருமியின் வித்துக்கள் முளைத்துப் பெருகாமல் தடுப்பதையும் பிற்கால ஆராய்ச்சி தெளிவாகக் காட்டிற்று. மிகுந்தால் இதுவும் தீங்கு என்பதால், அமெரிக்க விதிகள் ஹாமில் சேரும் நைட்ரைட்டைப் பத்து லட்சத்துக்கு 200 பங்கு என்ற எல்லைக்குள் நிறுத்தியிருக்கின்றன.

இரண்டாவது காவல் குளிர். இத்தாலியின் பார்மா நாட்டு ஹாமுக்கு இது அவ்வளவாக வேண்டுவதில்லை. அங்கே பன்றித் தொடையை உப்பிட்டு, காற்றோட்டத்தில் தொங்கவிட்டு, ஓராண்டுக்கும் மேலாக உலரவிடுகிறார்கள். உப்பேறி நீர் வற்றிய அந்த மாமிசத்தில் கிருமிகள் குடிப்பதற்கு நீர் மிச்சமில்லை. பொட்டலத்து ஹாமோ, உப்புநீரை ஊசிகளால் உட்செலுத்தி, உருட்டிப் பிசைந்து, அச்சில் வேகவைத்து ஓரிரு நாட்களில் உருவாவது. அதன் ஈரம் ஏறக்குறையப் பச்சை மாமிசத்தின் ஈரமே. ஜெர்மனியின் குல்ம்பாக் நகர மாமிச ஆராய்ச்சி நிலையத்தில் வெகுகாலம் பணியாற்றிய லோதார் லைஸ்ட்னர், இத்தகைய உணவுகளைக் காப்பது ஒரே ஒரு பெரிய தடை அன்று, ஒவ்வொன்றும் தனித்து நின்றால் போதாத பல சிறு தடைகளின் கூட்டே என்று நிறுவினார். சிறிது உப்பு, சிறிது நைட்ரைட், காற்றின்மை, குளிர் ஆகிய இவற்றில் ஒன்று தளர்ந்தாலும் மற்றவற்றின் பாரம் கூடுகிறது. உப்பும் நைட்ரைட்டும் ஆலையில் அளந்து இட்டவை. அவை நம் கையில் இல்லை. காற்றின்மை, உறையைப் பிரிக்கும் வரையில்தான். குளிர் ஒன்றே, கடையிலிருந்து நம் வீட்டு மேஜை வரையில், முழுக்க முழுக்க நம் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது.

அந்தக் குளிரையும் பொருட்படுத்தாத கிருமி ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜில் ஆய்வுக்கூட முயல்கள் காரணம் தெரியாமல் மடிந்தபோது மர்ரே என்ற விஞ்ஞானியும் அவர் தோழர்களும் கண்டறிந்து 1926-ல் வெளியிட்டது; பிற்பாடு, அறுவை வைத்தியத்தில் கிருமிநாசினியைப் புகுத்திய ஜோசப் லிஸ்டரின் பெயரால் லிஸ்டீரியா என்று வழங்கலாயிற்று. உணவின் வழியாக இது மனிதரைத் தாக்குகிறது என்பது 1981-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், முட்டைக்கோஸ் சாலட் உண்டவர்களிடையே நோய் பரவியபோதுதான் ஐயமறத் தெரிந்தது. மற்றக் கிருமிகள் அடங்கிக் கிடக்கும் குளிரில், நீர் உறையும் நிலைக்கு மிக அருகிலும்கூட, இது மெல்ல மெல்லப் பெருகவல்லது. வேகவைக்கும்போது இது சாகிறது என்பது உண்மை. ஆனால் ஹாம் வெந்த பிறகல்லவா அரியப்படுகிறது! 2008-ல் கனடாவில் பதப்படுத்திய மாமிசத்தால் 57 பேர் நோயுற்று, அவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த துயரத்தின் மூலத்தைத் தேடியவர்கள், அரியும் யந்திரங்களின் உட்பகுதியில், கழுவும் நீரும் மருந்தும் எட்டாத இடுக்குகளில், ஊனின் எச்சம் படிந்திருந்ததைக் கண்டார்கள்.

திடகாத்திரமான மனிதர் லிஸ்டீரியாவை உண்டாலும் பெரும்பாலும் ஒன்றும் அறியாமலே கடந்துவிடுகிறார். கர்ப்பிணிகள், வயோதிகர், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர் ஆகியோரிடமே இது தன் முழுக் கொடுமையையும் காட்டுகிறது. கர்ப்பிணிக்குச் சாதாரணக் காய்ச்சல்போல வந்து, வயிற்றுச் சிசுவைக் கொன்றுவிடுவதும் உண்டு. உண்ட நாளுக்கும் நோய் தோன்றும் நாளுக்கும் இடையே சில சமயம் 70 நாள்வரை கடந்துவிடுவதால், நோய் வரும்போது பொட்டலமும் இல்லை, அதன் தேதியும் நினைவில் இல்லை. இந்தக் காரணத்தால்தான் அமெரிக்கச் சுகாதார அதிகாரிகள் இத்தகையோரைப் பார்த்து, அரிந்து விற்கும் மாமிசத்தை ஆவி பறக்கும்வரை, அதாவது 74 டிகிரி சென்டிகிரேடு வரை, சூடாக்கியே உண்ணுங்கள் என்று வற்புறுத்துகிறார்கள். அந்த அறிவுரையைப் பொட்டலத்தின் மேல் உள்ள எந்தத் தேதியும் தளர்த்துவதில்லை.

இனித் தேதிக்கு வருவோம். தயாரிப்பாளர் ஒருவர் மாதிரிப் பொட்டலங்களைக் குறித்த குளிரில் வைத்து, நாட்கள் செல்லச் செல்ல ஒவ்வொன்றாகப் பிரித்து, கிருமிகளை எண்ணி, நிறமும் மணமும் சுவையும் சோதித்து, எத்தனையாம் நாளில் தரம் தாழ்கிறது என்று கண்டு, அதற்குச் சில நாட்கள் முந்திய ஒரு தேதியைத் தேர்ந்துகொள்ளுகிறார். ஆகவே அந்தத் தேதி ஒரு நிபந்தனையுள்ள வாக்குறுதி. உறை பிரியாதிருக்கும்வரை, குளிர் குறையாதிருக்கும்வரை என்ற இரண்டு நிபந்தனைகளும் அதனுள் அடங்கியிருக்கின்றன. அவை வெளிப்படையாக அச்சிடப்பட்டிருக்கும் எழுத்து பெரும்பாலும் மிகச் சிறியதாகையால், தேதியைப் படிப்பவர் நிபந்தனையைப் படிக்காமல் விட்டுவிடுகிறார். நிறுவனங்கள் இதைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

தேதிகளிலும் வகை உண்டு. பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும், 'இந்நாளுக்குள் உபயோகிக்க' என்று எழுதினால் அது உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியது. அந்நாள் கடந்த உணவைச் சட்டம் பாதுகாப்பற்றது என்றே கருதுகிறது, கடைக்காரர் அதை விற்பது குற்றம். 'இந்நாளுக்கு முன் உண்டால் உத்தமம்' என்பது சுவையையும் தரத்தையும் பற்றியது. பிஸ்கோத்துக்கும் டப்பா உணவுக்கும் உரியது. காற்று நீக்கி அடைத்த குளிர் உணவுகளுக்கு, உப்பு முதலிய வேறு தடைகள் தக்க அளவில் இல்லாவிட்டால், 10 நாளுக்கு மேல் ஆயுள் குறிக்கலாகாது என்று பிரிட்டிஷ் வழிகாட்டி நெறி கூறுவதன் பின்னால் நிற்பது, வான் எர்மெங்கெம் பிரித்தெடுத்த கிருமியைப் பற்றிய அச்சமே. அந்த இனத்தின் ஒரு பிரிவு 3 டிகிரிக் குளிரிலும் வளரத்தக்கது.

அமெரிக்காவின் நிலை வேறு. குழந்தைகளுக்கான பால் உணவு ஒன்றைத் தவிர வேறு எதற்கும் தேதி இட்டே ஆக வேண்டும் என்று அத்தேசத்து மத்திய சட்டம் சொல்லவில்லை. மற்றவை தயாரிப்பாளர் விருப்பத்துக்கும், சில மாநிலங்களின் விதிகளுக்கும் உட்பட்டவை. 'இந்நாளுக்குள் விற்க' என்று பொட்டலத்தில் காண்பது வாங்குபவருக்குச் சொன்னதே அன்று. அடுக்கிலிருந்து எப்போது சரக்கை எடுத்து மாற்ற வேண்டும் என்று கடைக்காரருக்குச் சொன்னது. அதைக் காலாவதித் தேதி என்று கருதி, கெடாத உணவைக் குப்பையில் கொட்டுபவர்களும் உண்டு. ஏதோ தேதி இன்னும் இருக்கிறது என்று கெட்ட உணவை உண்பவர்களும் உண்டு. இந்தக் குழப்பத்தைத் தணிக்க, அமெரிக்க வேளாண்மைத் துறை 2016-ஆம் ஆண்டு டிசம்பரில், தரத்தைக் குறிக்கும் தேதிக்கு 'இந்நாளுக்கு முன் உபயோகித்தால் உத்தமம்' என்ற ஒரே தொடரைக் கைக்கொள்ளுமாறு சிபாரிசு செய்தது. கலிபோர்னியா மாநிலமோ, விற்பனைத் தேதியை வாங்குபவர் கண்ணில் படும்படி அச்சிடுவதையே 2026 ஜூலை 1 முதல் விலக்கும் சட்டத்தை 2024-ல் இயற்றிற்று. நல்ல காரியம், வெகுநாள் தாமதித்து வந்த காரியம்.

எந்த நாட்டுப் பொட்டலமாயினும், உறையைக் கிழித்த கணத்திலிருந்து அச்சிட்ட தேதி நமக்கு உதவாது. காற்றும், கையும், கத்தியும், புதிய கிருமிகளும் உட்புகுந்துவிட்டன. வாக்குறுதியின் முதல் நிபந்தனை முறிந்துவிட்டது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணக்குப்படி, அரிந்த ஹாமைப் பிரித்தபின் 3 முதல் 5 நாட்களுக்குள் உண்டு தீர்க்க வேண்டும். இன்னும் மூன்று வாரத் தேதி மிஞ்சியிருந்தாலும் அந்த 5 நாள் கூடுவதில்லை. பிரிக்காமல், தேதியும் இல்லாமல் கிடைத்த பொட்டலத்துக்கு இரண்டு வாரம். டப்பா ஹாமில் இரண்டு ஜாதி உண்டு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்று, டப்பாவுக்குள்ளேயே கடும் உஷ்ணத்தில் வேகவைத்துக் கிருமி வித்துக்களையும் அழித்து, அலமாரியில் ஆண்டுக்கணக்கில் இருக்கும்படி செய்தது; மற்றொன்று, மிதமான சூட்டில் மட்டும் வெந்து, 'குளிரில் வைக்கவும்' என்ற குறிப்போடு வருவது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இரண்டாவதைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டால் எல்ஸெல் ஊர் ஹாமை வீட்டில் வைத்துக்கொண்டதற்கு ஒப்பாகும். உப்பிய டப்பாவைத் திறக்கவோ, சுவைத்துப் பார்க்கவோ கூடாது.

"முகர்ந்து பார்த்தால் தெரியாதா?" என்று கேட்பவர் பலர். தெரியும், ஆனால் தெரிவது வேறு. காற்றில்லாத உறைக்குள் குளிரில் பல நாள் கிடந்த ஹாமைப் புளிக்கவைப்பவை பெரும்பாலும் லாக்டிக் அமிலக் கிருமிகள். அவை உறையை உப்பவைக்கும், துண்டுகளின் மேல் வழவழப்பான கோழையைப் படரவிடும், தொட்டால் நூல் விடும், ஊசிப்போன வாடை வீசும். அப்படிப்பட்டதை எவரும் எறிந்துவிடுவார்கள். லிஸ்டீரியாவோ வாடையும் தருவதில்லை, நிறத்தையும் மாற்றுவதில்லை; புத்தம் புதிதுபோல் தோன்றும் துண்டிலும் அது இருக்கலாம். இதற்கு மாறாக, அரிந்த ஹாமின் மேல் விளக்கொளியைச் சாய்த்துப் பார்க்கும்போது பச்சையும் ஊதாவுமாக மயில் கழுத்து நிறம் மின்னுவதைக் கண்டு பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். தசை நார்களைக் கத்தி குறுக்கே அறுத்த இடத்தில் ஒளி சிதறுவதால் உண்டாகும் வெறும் வர்ண ஜாலம் அது. அதனால் கேடு இல்லை. வெளிச்சமும் காற்றும் பட்டு ஓரங்கள் சாம்பல் நிறம் கொள்ளுவதும் அந்த நைட்ரிக் ஆக்ஸைடு நிறப்பொருள் சிதைவதன் அடையாளமே ஒழிய, விஷத்தின் அடையாளம் அன்று. ஆகக் கண்ணும் மூக்கும் அஞ்ச வேண்டாததற்கு அஞ்சி, அஞ்ச வேண்டியதை விட்டுவிடுகின்றன.

கை தவறினால் தேதி எவ்வளவு பயனற்றது என்பதற்கு, 1997 செப்டம்பரில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒரு பணி ஓய்வு விருந்தில் நேர்ந்ததைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆலையிலேயே வெந்து பொட்டலமாக வந்த ஹாம், எடை 16 பவுண்டு. ஒரு பெண்மணி அதை வீட்டு அடுப்பில் ஒன்றரை மணி நேரம் மறுபடி வேகவைத்து, தாம் வேலை செய்யும் பெரிய சமையற்கூடத்துக்கு எடுத்துச் சென்று, சூடு ஆறுமுன்பே அங்கிருந்த அரியும் யந்திரத்தில் அரிந்தார். அந்த யந்திரத்தை அவர் கழுவுவது வழக்கந்தான். ஆனால் பாகம் பாகமாகக் கழற்றிக் கழுவும் முறையைக் கையாளவில்லை. அரிந்த 16 பவுண்டையும் ஒரே பிளாஸ்டிக் பாத்திரத்தில் நெருக்கி அடுக்கி, மேலே தகடு மூடி, குளிர் அறையில் வைத்தார். பிறகு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுதும் இருந்தது. மறுநாள் குளிர்ந்தபடியே பரிமாறப்பட்டது. உண்டவர்களில் பலர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக அவதிப்பட்டார்கள்; சிலர் மருத்துவமனையை நாடினார்கள்.

குற்றவாளி ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமி. மனிதனின் மூக்கிலும் தோலிலும் குடியிருப்பது. மற்றக் கிருமிகள் தாங்காத உப்பைத் தாங்குவதால், போட்டியற்ற ஹாம் அதற்கு நல்ல விளைநிலம். நெருக்கி அடுக்கிய சூடான மாமிசத்தின் நடுப்பகுதி ஆறுவதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். வெளியே குளிர் அறையாயினும் உள்ளே வெதுவெதுப்பு. அந்த நேரத்துக்குள் கிருமி பெருகி விஷத்தை உண்டாக்கிவிடுகிறது. பொட்டுலினம் விஷத்தைப் போலன்றி, இது கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. ஆகையால், வெளியில் கிடந்த ஹாமைச் சூடுபண்ணிச் சரிசெய்துவிடலாம் என்று எண்ணுவது வீண். வெந்ததை ஆழமற்ற தட்டுகளில் பரப்பி விரைவில் குளிரவைக்க வேண்டும்; எந்த ஹாமும் அறை உஷ்ணத்தில் 2 மணி நேரத்துக்கு மேலும், 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயில் நாளில் 1 மணி நேரத்துக்கு மேலும் இருக்கலாகாது.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி 4 டிகிரிக்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க அளவு. பிரிட்டிஷார் 5 என்பார்கள். பெட்டியின் கதவுத் தட்டு, திறக்கும்தோறும் வெப்பம் ஏறும் இடமாதலால் மாமிசத்துக்கு ஆகாது. உள்ளே, பின்புறம், கீழ்த்தட்டு நல்லது. உறையவைத்தால் கிருமிகள் சாவதில்லை, வளர்ச்சி நின்று காத்திருக்கின்றன. ஆகவே தேதி முடியுமுன் உறையவைத்து, குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே இளகவிட்டு உண்ண வேண்டும். உறைநிலையில் ஹாமின் சுவையும் பதமும் ஓரிரு மாதங்களே நன்றாக இருக்கும். அதன் பின் உப்பின் தூண்டுதலால் கொழுப்பு சிக்கு நாற்றம் கொள்ளுகிறது.

ஹாம் வாங்கும் வழக்கமுள்ள வாசகர்களை நான் வேண்டிக்கொள்ளுவது இதுதான். குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு சிறு வெப்பமானியை வாங்கி வையுங்கள். அதன் விலை ஒரு பொட்டல ஹாமின் விலைக்கு மேற்படாது. பொட்டலத்தைக் கிழிக்கும் அன்றே, அச்சிட்ட தேதியின் பக்கத்தில், கிழித்த தேதியை மையினால் எழுதுங்கள். 5 நாளில் எஞ்சியதை முகர்ந்து பார்க்காமல் எறியுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ வயோதிகரோ இருந்தால், முதல் நாளே ஆயினும், அவர்கள் பங்கை ஆவி பறக்கச் சூடாக்கிக் கொடுங்கள்.